கயோட்டிக்கு முன்னால் வயல்: அக்ரிலிக்கில் காட்டுயிர் வரைய ஒரு முழு வழிகாட்டி

நான் இருப்பது மத்திய டெக்ஸஸில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில். சனிக்கிழமை காலையில் எங்கள் கராஜில் ஆறேழு பேர் கூடிப் படம் வரைகிறோம். புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது கயோட்டியைத்தான், அதாவது நரி போலிருக்கும் வட அமெரிக்கக் காட்டு விலங்கை. விடியற்காலையில் வேலியோரம் ஓடுவதை எப்போதாவது பார்த்திருப்பார்கள், அது மனதில் நின்றிருக்கும்.

அநேகமாக எல்லாரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வெள்ளைக் கேன்வாஸின் நடுவில் விலங்கை மயிர் மயிராக வரைந்து முடித்துவிட்டு, மிச்ச இடத்தைப் புல்லால் நிரப்புவார்கள். முடிவில் வயல் போட்டோவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியது போலிருக்கும். வரையத் தெரியாததால் இப்படி ஆவதில்லை. வரிசை தலைகீழாக இருப்பதால் ஆகிறது.

அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். எடுத்துக்கொண்ட படம் இது: 11×14 அங்குலப் பலகை, குளிர்கால விடியல், வேலியோரப் புல்லில் நடக்கும் ஒரு கயோட்டி. வெளியே இரண்டு காலை, வீட்டில் மூன்று மணி நேரம் வீதம் இரண்டு அமர்வு. அவ்வளவு நேரம் ஒதுக்க முடிந்தால் போதும்.

## 1. முன்கூட்டி எடுத்து வைக்க வேண்டியவை

வண்ணம் ஐந்து போதும்: டைட்டானியம் ஒயிட், எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), அல்ட்ராமரைன் நீலம். கருப்பு ட்யூப் வாங்காதீர்கள். அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் கலந்தால் வருகிற கருப்பை நீலப் பக்கமோ பழுப்புப் பக்கமோ சாய்த்துக்கொள்ளலாம். ட்யூப் கருப்பு எங்கே வைத்தாலும் ஓட்டை போல் தெரியும்.

ஐந்தோடு நிறுத்தச் சொல்வது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. இந்த விலங்கின் மேல் இருக்கும் நிறங்கள் எல்லாமே அது நடக்கும் புல்லிலும் மண்ணிலும் இருக்கின்றன. ஒரே ஐந்து வண்ணத்திலிருந்து இரண்டையும் எடுத்தால் அவை தாமாகவே ஒட்டிக்கொள்ளும். ‘விலங்கு நிறம்’ என்று தனியாக ஒரு பழுப்பு ட்யூப் வாங்கி வருகிறவர்களின் கயோட்டி கடைசி வரை வயலுக்குள் இறங்குவதில்லை.

பிரஷ் நான்கு: ஒரு அங்குலத் தட்டை, அரை அங்குல ஃபில்பர்ட் (நுனி வளைந்த தட்டை பிரஷ்), சின்ன ஃபில்பர்ட் ஒன்று, நீண்ட மயிருள்ள லைனர் ஒன்று. ஃபில்பர்ட் பழையதாக, நுனி கலைந்ததாக இருந்தால் நல்லது. ரோமத்துக்கு அதுதான் உதவும்.

பலகை, ஜெஸ்ஸோ (வண்ணம் பிடிக்க முதலில் பூசும் வெள்ளைப் பூச்சு), ட்ரேஸிங் பேப்பர், கரித்துண்டு, பழைய துணி. வண்ணத்தட்டுக்கு நான் சாப்பாட்டு டப்பா ஒன்றில் ஈரமான பேப்பர் டவலை விரித்து, அதன் மேல் பேக்கிங் பேப்பர் போட்டுக்கொள்கிறேன். டெக்ஸஸ் காற்றில் அக்ரிலிக் பத்து நிமிடத்தில் தோல் கட்டிவிடும். கீழே ஈரம் இருந்தால் கலந்த வண்ணம் மறுநாள் வரைகூடத் தாங்கும்.

## 2. பார்க்கப் போவது

விடியலுக்கு அரை மணி முன்பே போய்விடுங்கள். கயோட்டி அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். அந்த நேரத்துச் சாய்ந்த வெயில் உடம்பின் உருட்டைத் தெளிவாகக் காட்டும். நடுப்பகல் வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

காரை விட்டு இறங்காதீர்கள். புதியவர்கள் நம்ப மறுக்கும் விஷயம் இது. சாலையோரம் ஒதுங்கி நிற்கும் காரை இந்த விலங்குகள் பொருட்படுத்துவதில்லை. கதவு திறந்து இரண்டு கால் தெரிந்த மறு நொடி ஓடிவிடும். எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, கதவின் மேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்தால் சில நாள் இருபது நிமிடம்கூடப் பார்க்கக் கிடைக்கும். வைக்கோல் அறுத்த வயல் கிடைத்தால் இன்னும் நல்லது. புல் குட்டையானதும் எலிகள் ஒளிய இடமில்லாமல் தவிக்கும், அதைத் தேடி இது வரும்.

இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு எச்சரிக்கை. உட்காரும் முன் தரையைப் பாருங்கள். இங்கே தீ எறும்புப் புற்று வெறும் தளர்ந்த மண் குவியல் போலத்தான் இருக்கும், உட்கார்ந்த பிறகுதான் புரியும். அப்புறம், வேலிக் கம்பத்திலோ மரத்திலோ ஊதா நிறத்தில் செங்குத்தாக ஒரு கோடு பூசியிருந்தால் அது அலங்காரம் இல்லை. ‘உள்ளே வராதே’ என்று எழுதிய பலகைக்குச் சமமாக டெக்ஸஸ் சட்டம் அதை ஏற்கிறது. எட்டு அங்குல நீளமாவது இருக்கும், தரையிலிருந்து மூன்று முதல் ஐந்து அடி உயரத்தில் பூசியிருப்பார்கள். ஓவியம் வரைய வந்தேன் என்று சொல்லி அந்த வண்ணத்தைத் தாண்ட முடியாது.

தீனி போட்டு வரவழைக்கவே கூடாது. மனிதரிடம் பயம் விட்டுப்போன கயோட்டி நாய்க்குட்டியைத் தேடிக் கொல்லைக்கு வரும். அதன் பிறகு சுடப்படுவது அதுதான்.

தரையில் கிடக்கும் பருந்து இறகையோ ஆந்தை இறகையோ மாதிரிக்காக எடுத்து வராதீர்கள். 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி, இந்த நாட்டின் பெரும்பாலான இயற்கைப் பறவைகளின் இறகை வைத்திருப்பதே குற்றம். கிடக்கும் இடத்திலேயே வரைந்துவிட்டு வாருங்கள்.

## 3. குறிப்பு முதலில், போட்டோ பிறகு

போனைத் தூக்குவதற்கு முன் ஒரு சின்ன நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள். வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது? விலங்கும் புல்லும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது எது கறுப்பு, எது வெளுப்பு? நிழல் என்ன நிறம்?

மூன்றாவது கேள்விக்குக் கேமரா பெரும்பாலும் தவறான பதிலே சொல்லும். நிழலை அது கருப்பாக்கிவிடும். கண்ணுக்கு அது நீலமாகவோ ஊதாச் சாம்பலாகவோ தெரிந்திருக்கும். வீட்டுக்கு வந்து போட்டோவை மட்டும் பார்த்து வரைந்தால் விடியல் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

நான் எழுதிய குறிப்பு ஒன்றை அப்படியே தருகிறேன்: “ஜனவரி, 7:40. வெயில் இடப்பக்கம், தாழ்வு. முதுகு புல்லை விடக் கறுப்பு. வயிறும் புல்லும் ஒன்று, கோடு தெரியவில்லை. காது ஓரம் எரிகிறது. மண் ஈரம், ஊதா.” இவ்வளவுதான். இதில் ‘கோடு தெரியவில்லை’ என்ற இரண்டு சொல் பின்னால் முழுப் படத்தையும் காப்பாற்றியது.

அதன் பிறகு எத்தனை போட்டோ வேண்டுமானாலும் எடுங்கள். விலங்கு போன பிறகு காலி வயலையும் எடுங்கள், நின்ற இடத்துப் புல்லை நெருக்கமாகவும் எடுங்கள். கயோட்டிப் படம் ஐம்பது வைத்திருப்பவரிடம் புல் படம் ஒன்றுகூட இருக்காது. வரைய உட்காரும்போதுதான் அந்தக் குறை தெரியும்.

சொந்தப் போட்டோ சரியாக வரவில்லை என்றால் இணையத்தில் கண்ணில் பட்டதை எடுக்காதீர்கள். அது வேறொருவரின் உழைப்பு, போட்டிகளிலும் கண்காட்சிகளிலும் ஏற்க மாட்டார்கள். அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் படத்தொகுப்பில் பெரும்பாலானவை பொதுவுடைமை. ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ள குறிப்பைப் பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

## 4. நாயும் இல்லை, நரியும் இல்லை

தமிழ்ப் பிள்ளைகள் முதல்முறை வரையும் கயோட்டி செக்கச் செவேல் என்று, வாலில் வெள்ளை நுனியோடு இருக்கும். பாடப்புத்தகத்து நரி அது. ஆங்கிலக் கதையில் வரும் செந்நரிக்கும் நம் ஊர்க் காட்டில் ஊளையிடும் நரிக்கும் தமிழில் ஒரே பெயர் வைத்துவிட்டோம். கயோட்டிக்கு நெருங்கிய சொந்தம் செந்நரி இல்லை, நம் ஊர் நரிதான். கரிசல் காட்டில் நரியைப் பார்த்த கண்ணுக்குக் கயோட்டி பாதி பழக்கம்.

பிரித்துக் காட்டும் அடையாளங்கள் இவை. வாலின் நுனி கருப்பு. ஓடும்போதும் வால் கீழேதான் தொங்கும், நாயைப் போல் மேலே தூக்காது. மூக்குப் பகுதி ஒடுங்கி நீளம். காது தலைக்குப் பெரியது, நிமிர்ந்தது. காதின் பின்புறம், மூக்கின் மேற்புறம், கால்களின் வெளிப்புறம் செம்பழுப்பு. தொண்டையும் வாயோரமும் வெளுப்பு. முதுகில் கருப்பு நுனி மயிர்கள் சேணம் போல் படர்ந்திருக்கும். கண் மஞ்சள், கண்மணி வட்டம். செந்நரிக்குப் பூனை போல் செங்குத்துக் கண்மணி.

கால்தான் எல்லாரையும் ஏமாற்றும். குளிர்காலத்துப் பஞ்சு ரோமத்தைப் பார்த்துவிட்டுக் கனமான விலங்கு என்று நினைத்து ஆல்சேஷன் கால் போட்டுவிடுவார்கள். இந்தப் பக்கத்துக் கயோட்டி பெரும்பாலும் 11 முதல் 18 கிலோ, தோள் உயரம் இரண்டடி சொச்சம். மெலிந்த, நீண்ட கால். முழங்கை, நெஞ்சின் அடிக்கோட்டுக்கு அருகே இருக்கும். அங்கிருந்து தரை வரை உள்ள நீளம் மொத்த உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் டாஷ்ஹண்ட் ஆகிவிடும்.

பின்னங்காலில் பின்னோக்கி மடங்குவது போல் தெரியும் இடம் முழங்கால் இல்லை, குதிகால். விலங்கு விரல் நுனியில் நடக்கிறது. நீங்கள் குதிகாலைத் தூக்கி விரலில் நின்று பாருங்கள், அந்தக் கோணம் உடனே கைக்கு வரும். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றோரம் மயிரில் மறைந்திருக்கும். இதைத் தெரிந்துகொண்ட அன்றே உங்கள் பின்னங்கால் பாதி சரியாகிவிடும்.

## 5. தீப்பெட்டி அளவில் ஆறு படம்

பலகையைத் தொடுவதற்கு முன், தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் ஆறு படம் போடுங்கள். மூன்றே டோன்: வெளுப்பு, இடை, கறுப்பு. மயிரும் கண்ணும் வேண்டாம், பரப்புகள் மட்டும். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம்.

காரணம் எளிது. இந்த அளவில் விலங்கு எங்கே நிற்கிறது, எதன் மேல் தெரிகிறது என்பதைத் தவிர வேறு எதையும் தீர்மானிக்க முடியாது. முதலில் தீர்மானிக்க வேண்டியதும் அது மட்டும்தான்.

எங்கள் பகுதி வயலில் இயல்பாகவே மூன்று பட்டை உண்டு. முன்னால் வேலியோரப் புல், குளிரில் துரு நிறமாகும் லிட்டில் ப்ளூஸ்டெம். அதற்குப் பின்னால் உழுது போட்ட கரிசல். அதற்கும் மேலே மெஸ்கீட் மர வரிசையும் வெளுத்த வானமும். மெஸ்கீட் வேறு யாருமில்லை, நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் சொந்தக்காரன். சப்பாத்திக்கள்ளியும் இருக்கும். கோவில்பட்டிப் பக்கத்துக்காரனான எனக்கு முதல் வருடமே இந்த மண் அந்நியமாக இல்லை. கோடையில் கை நுழையும் அளவுக்கு அதே வெடிப்பு விடுகிறது.

கயோட்டியின் முதுகு கரிசல் பட்டையில் வந்தால் சேணத்தின் கருப்பு மண்ணில் கரைந்துவிடும். முதுகு புல் பட்டைக்குள் இருந்து, தலை மட்டும் கரிசலை வெட்டினால் வெளுத்த தொண்டை பளிச்சென்று தெரியும். நான் தேர்ந்தெடுத்தது அதைத்தான். உங்கள் ஆறில் எது சரி என்று தெரியவில்லை என்றால் தாளைச் சுவரில் சாய்த்துப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். எதில் விலங்கு இருக்கிறது என்று முதலில் தெரிகிறதோ அதுதான்.

விலங்கின் நீளம் பலகை அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். அது பார்க்கும் திசையில் கொஞ்சம் காலி இடம் விடுங்கள். நிலாவைப் பார்த்து ஊளையிடும் போஸ் வேண்டவே வேண்டாம். டி-ஷர்ட்டில் நிறையப் பார்த்தாகிவிட்டது. நடந்துகொண்டே தலையை மட்டும் திருப்பி உங்களைப் பார்ப்பது, அல்லது எலியைக் கேட்டுக் காதை முன்னால் குவித்து நிற்பது, இந்த இரண்டும் வேலியோரத்தில் உண்மையிலேயே பார்க்கக் கிடைப்பவை.

## 6. பலகையும் அடி வண்ணமும்

ஜெஸ்ஸோ இரண்டு பூச்சு. ஒன்று கிடைமட்டமாக, காய்ந்த பின் மற்றது செங்குத்தாக. நடுவில் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். கேன்வாஸ் நெசவின் மேல் சின்ன முகத்தை வரைந்தால் ஒவ்வொரு நூல் முடிச்சிலும் பிரஷ் துள்ளும். இந்த அளவுப் படத்துக்குப் பலகை சொல்வது அதனால்தான்.

காய்ந்ததும் பர்ன்ட் சியன்னாவை நீரில் கரைத்துப் பலகை முழுக்கப் பூசி, துணியால் துடைத்துவிடுங்கள். இளஞ்செம்மண் நிறம் நிற்க வேண்டும். வெள்ளைப் பலகையில் எந்த வண்ணத்தை வைத்தாலும் கறுப்பாகத் தெரியும், பயந்துபோய் எல்லாவற்றையும் வெளுப்பாக்கிவிடுவோம். இடை டோன் அடியில் இருந்தால் அந்தப் பயம் போகும். பின்னால் புல்லுக்கு இடையில் விட்டுப்போன ஓட்டைகளில் இந்தச் செம்மை எட்டிப் பார்ப்பதும் அழகு.

## 7. கோட்டை மாற்றுவது

விலங்கைப் பலகையில் நேராக வரையாதீர்கள். தாளில் வரைந்து, அழித்து, சரிபார்த்து, ட்ரேஸிங் பேப்பரில் எடுத்து, அதன் பின்புறம் கரித்துண்டு தேய்த்துப் பலகைக்கு மாற்றுங்கள். அடி வண்ணத்தில் அழித்து அழித்து வரைந்தால் அழுக்காகிவிடும். இன்னொரு வசதி, ட்ரேஸிங்கைப் பலகையின் மேல் முன்னும் பின்னும் நகர்த்தி இடம் பார்க்கலாம்.

வரையும்போது வெளிக்கோட்டில் தொடங்க வேண்டாம். தலை, நெஞ்சுக்கூடு, இடுப்பு என்று மூன்று முட்டை. நடுவில் முதுகெலும்பு ஒரே வளைவு. தோள்பட்டை எலும்பு எங்கே சாய்கிறது என்று ஒரு கோடு. தலையைத் தாழ்த்தி நடக்கும்போது தோள் எலும்பின் மேல்முனை முதுகுக் கோட்டுக்கு மேல் எழும்பும். கயோட்டி நடையின் கள்ளத்தனம் முழுக்க அந்த ஒரு மேட்டில்தான் இருக்கிறது.

மாற்றிய பிறகு ட்ரேஸிங்கைத் தூக்கி எறியாதீர்கள். அடுத்த படியில் இந்தக் கோட்டின் பெரும்பகுதியை வயல் விழுங்கப் போகிறது.

## 8. வயல்

இங்கேதான் எல்லாரும் முரண்டு பிடிப்பார்கள். “விலங்கு மேலே புல்லு வந்துடுமே?” வரட்டும். வெளிக்கோட்டைத் தாண்டிக் கால் அங்குலம் உள்ளே வரை வயலை இழுங்கள். விலங்கைச் சுற்றிக் கவனமாக வெட்டி வெட்டிப் பூசினால் ஒளிவட்டம் போல ஒரு விளிம்பு விழும். ஸ்டிக்கர் தோற்றம் பிறப்பது அந்த விளிம்பில்தான்.

தூரத்திலிருந்து கிட்டத்துக்கு வாருங்கள். வானம்: வெள்ளையில் மிகக் கொஞ்சம் ஓக்கர், அடிவானத்துக்கு மேலே துளி அல்ட்ராமரைன். மர வரிசை: நீலமும் அம்பரும் வெள்ளையும் சேர்ந்த சாம்பல். இலையோ கிளையோ வேண்டாம், கலங்கிய பட்டை போதும். கரிசல்: பெயர்தான் கரிசல், நிறம் கருப்பு இல்லை. விடியலில் அது ஊதாச் சாம்பல். அல்ட்ராமரைன், அம்பர், கொஞ்சம் சியன்னா, தேவைக்கு வெள்ளை.

புல்லுக்கு முதலில் தட்டை பிரஷ்ஷால் ஓக்கர்–சியன்னா கலவையைப் பெரிய பரப்பாகப் பூசுங்கள். அதில் நிழல் பள்ளங்களை அம்பரும் நீலமும் கொண்டு வையுங்கள். வெளுத்த புல் தாள்களை இப்போது போடாதீர்கள், அவை விலங்குக்குப் பிறகு.

அக்ரிலிக் காய்ந்தால் கொஞ்சம் கறுக்கும். ஈரத்தில் பால் போல் இருக்கும் பிசின் காய்ந்து கண்ணாடி ஆவதால் அப்படி. அதனால் ஒவ்வொரு கலவையையும் ஒரு அட்டையில் தீற்றிக் காயவைத்துப் பாருங்கள். அந்த அட்டையைப் பத்திரப்படுத்துங்கள், இரண்டாம் அமர்வில் அதே நிறத்தைத் திரும்பப் பிடிக்க அதுதான் துணை.

முதல் அமர்வை இங்கே நிறுத்திவிடலாம்.

## 9. விலங்கு, ரோமம் இல்லாமல்

ட்ரேஸிங்கை மறுபடி வைத்துக் கோட்டைப் புதுப்பியுங்கள். இப்போது விலங்கை மூன்றே பரப்பாகப் பூசப் போகிறோம்: வெயில் படும் பக்கம், நிழல் பக்கம், கருப்புச் சேணம். தட்டில் வயலுக்குக் கலந்தவை மிச்சம் இருக்கும், அவற்றிலிருந்தே எடுங்கள். உடம்பின் சாம்பல் என்பது மர வரிசைச் சாம்பலோடு கொஞ்சம் ஓக்கர். கால், காதுச் செம்மை என்பது புல்லின் சியன்னா.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உருண்டை ஒன்றை வெயிலில் வைத்தால் மேலே வெளுப்பு, அடியில் கறுப்பு. விலங்கின் ரோமமோ நேர் எதிர், முதுகு கறுப்பு, வயிறு வெளுப்பு. இரண்டும் ஒன்றையொன்று அழித்து உடம்பைத் தட்டையாகக் காட்டுவதால்தான் அது புல்லில் மறைகிறது. இதை 1896இல் விளக்கி எழுதியவர் அபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர். ஓவியர் கண்ணில் இது பட்டதில் ஆச்சரியம் இல்லை.

புதியவர்கள் ‘வயிறு வெள்ளை’ என்று தெரிந்திருப்பதால் வெள்ளையை வைத்துவிடுவார்கள். அடிவயிற்றில் ட்யூப்லைட் எரிவது போலிருக்கும். நிழலில் உள்ள வெள்ளை, வெயிலில் உள்ள பழுப்பை விடக் கறுப்பாகவே இருக்கலாம். சோதிக்க ஒரு வழி: வெள்ளைத் தாளில் பஞ்சிங் மெஷினால் இரண்டு ஓட்டை போட்டு, போட்டோவின் மேல் ஒன்று முதுகிலும் ஒன்று வயிற்றிலும் வருமாறு வையுங்கள். சுற்றுப்புறம் மறைந்ததும் கண் உண்மையைச் சொல்லும். என் படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே டோன். நம்பாமல் மூன்று முறை பார்த்தேன்.

குறிப்பில் ‘கோடு தெரியவில்லை’ என்று எழுதிய இடத்தில் கோடு போடாதீர்கள். வயிற்று வண்ணத்தோடு புல் வண்ணத்தையும் அங்கே புதிதாக வைத்து, இரண்டும் ஈரமாக இருக்கும்போதே விரலால் இழைத்துவிடுங்கள். காதோரம், மூக்குத் தண்டு, முன்னங்கால் ஆகிய மூன்று இடத்தில் விளிம்பு கூர்மையாக இருந்தால் போதும். மிச்சத்தைப் பார்ப்பவர் கண்ணே முடித்துக்கொள்ளும்.

பத்தடி தள்ளி நின்று பாருங்கள். இப்போதே கயோட்டி என்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ரோமத்துக்குப் போகாதீர்கள். மயிர் போட்டு உருவத்தைச் சரி செய்ய முடியாது.

## 10. ரோமம்

மருமகளோடு வரும் அம்மா ஒருவர் மூன்று மணி நேரம் தலை நிமிராமல் லைனர் பிரஷ்ஷால் ஒவ்வொரு மயிராகப் போட்டார். கடைசியில் அவரே தள்ளி நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இது நரியா, தேங்காயா?” உரித்த தேங்காய் நார்தான், மறுக்க முடியவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் படத்தில் கயோட்டி நாலரை அங்குலம். அந்த அளவுக்கு ஒரு மயிரைச் சுருக்கினால் எந்த பிரஷ்ஷும் அதை வரைய முடியாது. நாம் வரைவது மயிரின் கற்றைகளை. அவை சேர்ந்து பிரியும் இடங்கள் கழுத்து, தோள், தொடை, வால். மற்ற இடங்களில் பரப்பே போதும்.

பழைய ஃபில்பர்ட்டில் கொஞ்சம் வண்ணம் எடுத்து, துணியில் ஒற்றி, நுனியை விரலால் அழுத்தி விசிறி போல் விரியுங்கள். மயிர் வளரும் திசையில் தொட்டு எடுங்கள். மூக்கிலிருந்து நெற்றி வழியாகப் பின்னால், கழுத்தில் கீழ்நோக்கி, முதுகில் வால் பக்கம், விலாவில் சாய்வாக, காலில் நேர் கீழே. போட்டோவில் இந்தத் திசைகளை முதலில் அம்புக்குறியாகப் போட்டுக்கொண்டால் கை குழம்பாது.

கயோட்டியின் மயிர் ஒரே நிறம் இல்லை. ஒவ்வொன்றிலும் வெளுப்பும் கறுப்பும் பட்டை பட்டையாக இருக்கும். தூரத்தில் அது உப்பும் மிளகும் தூவியது போல் தெரிவதன் காரணம் அதுதான். அதனால் முதலில் கறுப்புக் கற்றை, அதன் மேல் இடை டோன், அதன் மேல் வெயில் படும் பக்கம் மட்டும் ஓக்கர் கலந்த வெளுப்பு. மூன்று அடுக்கு, ஒவ்வொன்றிலும் கீழே உள்ளதைப் பாதி விட்டுவைக்க வேண்டும். லைனரை எடுப்பது கடைசியில், வானத்தையோ கரிசலையோ வெட்டும் விளிம்பில் பத்துப் பதினைந்து மயிருக்கு மட்டும்.

## 11. முகம்

முகத்தில் ரோமம் குட்டை, எலும்பு தெரியும். பரப்பை விட்டு மயிருக்குப் போகவே வேண்டாம். கண்ணைச் சுற்றிக் கருப்பு விளிம்பு உண்டு, உள்மூலையில் அது மூக்கை நோக்கிக் கொஞ்சம் இறங்கும். இந்த இறக்கத்தை விட்டால் கண் பொம்மைக் கண் ஆகிவிடும்.

இந்த அளவில் கண் ஒரு கடுகு. முதலில் முழுக் கருப்பு. அதற்குள் ஓக்கரும் சியன்னாவும் கலந்த மஞ்சள், மேற்பாதியில் கொஞ்சம் கறுத்து, ஏனென்றால் இமையின் நிழல் அங்கே விழும். நடுவில் கண்மணி. பளபளப்புக்கு வானத்துக்குக் கலந்த வண்ணத்தில் ஒரு புள்ளி, தூய வெள்ளை இல்லை. தூய வெள்ளை வைத்தால் ஹெட்லைட் பட்டது போலிருக்கும்.

## 12. பாதமும் புல்லும்

நிழல் முதலில். பாதத்துக்குக் கீழே, வெயிலுக்கு எதிர்ப்பக்கம், நீலம் கலந்த கறுத்த புல் நிறம். விடியல் நிழல் நீளம். அது விலங்கின் பாதத்திலிருந்து தொடங்க வேண்டும், நடுவில் இடைவெளி விழுந்தால் விலங்கு மிதக்கும்.

இப்போது 8ஆம் படியில் தள்ளிவைத்த வெளுத்த தாள்கள். லைனரில் வண்ணத்தை மை போல் இளக்கி, கீழிருந்து மேலாக இழுத்துத் தூக்குங்கள். சில தாள் பாதத்தின் முன்னால், ஒன்றிரண்டு வயிற்றுக்கு முன்னால், ஒன்று வால் நுனியை வெட்டி. ஒரே நீளம், ஒரே சாய்வு வேண்டாம், சீப்பு ஆகிவிடும். இத்தனை பாடுபட்டு வரைந்த பாதத்தை மறைக்க மனசு வராது. மறைத்துத்தான் ஆக வேண்டும், புல்லில் நடக்கும் விலங்கின் பாதத்தை யாரும் பார்த்ததில்லை.

## 13. அதே வேலியில் மற்ற உயிர்கள்

வரிசை எல்லாவற்றுக்கும் இதுதான். மாறுவது சில இடங்கள் மட்டும்.

வெள்ளைவால் மானுக்குக் கோடையில் செம்பழுப்பு, குளிரில் சாம்பல் பழுப்பு. ஜூலை போட்டோ மானை ஜனவரிப் புல்லில் நிறுத்தினால் தெரிந்தவர் சிரிப்பார். கழுத்தை ஒட்டகம் போல் நீட்டிவிடாதீர்கள்.

மாட்டோடு நிற்கும் உண்ணிக்கொக்கு நமக்குப் பழகியதுதான். மாட்டுக்காகத் தோண்டிய குட்டையை இங்கே ‘டேங்க்’ என்பார்கள், நம்மூரில் ஆங்கிலத்தில் ஏரியைச் சொல்வது போல. அங்கே போனால் கொக்கு உறுதி. வெள்ளைப் பறவைக்கு வெள்ளை ட்யூபைக் கடைசி வரை திறக்காதீர்கள். நிழல் பக்கம் நீலச் சாம்பல், அடியில் புல்லின் மஞ்சள் எதிரொளி. வெயில் தொடும் முதுகோரத்தில் மட்டும் வெள்ளை. மொத்தப் பறவையும் வெள்ளையானால் உருட்டு காட்ட வேறு வெளுப்பு மிச்சம் இருக்காது.

வேலிக் கம்பத்துப் பிணந்தின்னிக் கழுகு தொடங்குகிறவர்களுக்கு நல்ல மாதிரி. அசையாமல் இருக்கும், உருவம் எளிது. இரண்டு வகை உண்டு. தலை சிவப்பாக இருந்தால் டர்க்கி வல்ச்சர், சாம்பல் கருப்பாக இருந்தால் ப்ளாக் வல்ச்சர். கருப்பு இறகில் அல்ட்ராமரைன் பக்கமும் அம்பர் பக்கமும் மாற்றி மாற்றி வைத்தால்தான் இறக்கை மடிப்பு தெரியும்.

அர்மடில்லோவுக்கு ரோமத் தலைவலி இல்லை, ஓட்டின் பட்டைகள்தான் வேலை. பட்டைகளை நேர்கோடாகப் போடாமல் பீப்பாய் வளையம் போல் வளையுங்கள். உடம்பின் உருட்டை அந்த வளைவுகளே சொல்லிவிடும்.

## 14. முடித்து வைப்பது

இரண்டு நாள் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். பிறகு கண்ணாடியில் அதன் பிம்பத்தைப் பாருங்கள், சாய்ந்த கண்ணும் குட்டைக் காலும் உடனே தெரியும். திருத்தம் மூன்றுக்கு மேல் போனால் அடுத்த படத்துக்குப் போவது நல்லது.

ஓரிரு வாரம் காய விட்டு வார்னிஷ் பூசுங்கள். பலகையைப் படுக்க வைத்து, அகலப் பிரஷ்ஷில் மெல்லிதாக இரண்டு பூச்சு. பூசிய இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள், பாதி காய்ந்த வார்னிஷைத் தொட்டால் வெளுத்த கோடு நிரந்தரமாக நிற்கும். எங்கள் கராஜில் கதவைத் திறந்து வைத்துப் பூசியதில் ஒரு படத்தின் வானம் முழுக்கத் தூசியும் ஒரு கொசுவும் ஒட்டிக்கொண்டன. கொசுவைப் பறவை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பலகையின் பின்புறம் பென்சிலால் தேதி, நேரம், இடம், எந்த வண்ணத்தை எதனோடு கலந்தீர்கள் என்று எழுதி, கலவை தீற்றிய அட்டையையும் அங்கேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த ஜனவரியில் அதே வேலிக்குப் போகும்போது தேடாமல் எடுக்கலாம்.